ஃபார்மேட் அடிக்கும் முன்

திருவனந்தபுரத்தில் கணினி பழுது பார்க்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

ஸ்டாச்சு, புளிமூடு, தம்பானூர், கரமனை, பட்டம், கழக்கூட்டம் என்று இந்த ஊரில் எங்கே உங்கள் மேசை கிடந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நாகர்கோவில், குழித்துறை, பாறசாலைப் பக்கமிருந்து காலை ரயிலில் வந்திறங்கி, கடை அடைத்த பிறகு ஊர் திரும்புகிறவர்கள் உங்களில் பலர். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பக்கத்து மேசை மலையாளி நண்பரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. நான் தமிழ்த் தட்டச்சும் மெய்ப்பு வேலையும் செய்து பிழைப்பவள். என் வேலை நடப்பதே உங்கள் கையால்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

“விண்டோஸ் போச்சு. ஃபார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டுத் தாறோம். சாயங்காலம் வாங்க.”

இந்தப் பேச்சு இந்த நகரத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனையோ கடைகளில் கேட்கிறது. சொல்கிறவருக்கு அது ஒரு வேலை. கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு அதன் பொருள் என்னவென்று பெரும்பாலும் தெரியாது. “சரி” என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். சாயங்காலம் வந்து பார்க்கும்போது கணினி பளிச்சென்று திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் இல்லை. ஆறு வருடக் கடைக் கணக்கு இல்லை. தலையாட்டியது அவர்தான் என்று நீங்கள் சொல்லலாம். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் ஆட்டிய தலையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி.

உங்களிடம் வருகிற மடிக்கணினி, பெரும்பாலும் வீட்டில் ஒரு போராட்டம் முடிந்த பிறகே வருகிறது. முதலில் நீலத்திரை வந்திருக்கும். ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று சொல்லிக்கொண்டு வட்டம் மணிக்கணக்கில் சுற்றியிருக்கும். தெரிந்தவர் யாரோ போனில் சொன்னபடி ‘ரீசெட் திஸ் பிசி’யை அழுத்தியிருப்பார்கள், அது பாதி தூரம் போய் நின்று, சரிசெய்ய முடியவில்லை, எதையும் மாற்றவில்லை என்று கைவிரித்திருக்கும். கணினிக்குள்ளேயே இருக்கிற மீட்பு வசதி தோற்ற பிறகு, வேறு வழி தெரியாமல்தான் பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வருகிறார்கள். அவர்களிடம் முதல் கேள்வியாக “என்ன பண்ணிக் கெடுத்தீங்க?” என்று கேட்காதீர்கள்.

அவர்கள் கெடுத்ததாகவே இருக்க வேண்டியதில்லை என்று உங்களுக்கே தெரியும். மீட்புக்கான கோப்புகள் இருப்பது அதே வட்டின் ஒரு சின்னப் பார்ட்டிஷனில். வட்டு பழுதானால் மீட்பும் கூடவே போகும். வட்டு நன்றாக இருந்தாலும் தப்பிக்க முடியாத நாட்கள் உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலியிடம் கேட்டது. அந்த இடம் இல்லாத விண்டோஸ் 10 கணினிகளில் அது பிழைச் செய்தி காட்டித் திரும்பத் திரும்பத் தோற்றது. 2025 ஆகஸ்ட் அப்டேட், விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் முந்தைய பதிப்புகளிலும் ரீசெட் வசதியையே முடக்கிவிட்டது. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அப்டேட் இன்னும் மோசம். விண்டோஸ் 11-இன் மீட்புத் திரை வரும், ஆனால் யு.எஸ்.பி. மவுஸும் கீபோர்டும் அங்கே வேலை செய்யாது. எதிரே பொத்தான்கள் தெரிகின்றன, ஒன்றைக்கூட அழுத்த முடியாது. அதற்கான திருத்தம் அக்டோபர் 20 அன்றுதான் வந்தது. இதில் எந்த இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியையோ சாலைத் தெரு வியாபாரியோ தவறு செய்தார்?

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீட்பு தோற்றது என்றால் விண்டோஸ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியவில்லை என்பது மட்டும்தான் செய்தி. உள்ளே இருக்கிற கோப்புகள் பிழைத்தனவா இல்லையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பாலான நேரம் அவை அப்படியே இருக்கின்றன என்பதை உங்கள் அனுபவமே சொல்லும். சாவி தொலைந்ததற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. நீங்கள் மட்டும் ஏன் இடிக்கிறீர்கள்?

2024 ஜூலை 19 உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகளில் மீட்புத் திரை வந்தும் தானாக ஒன்றும் சரியாகவில்லை. மருந்து என்ன? சேஃப் மோடில் நுழைந்து, ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஒரு கோப்பை அழிப்பது. உலகப் பெருநிறுவனங்களின் பொறியாளர்கள் கணினி கணினியாக நடந்து போய் அந்த ஒரு கோப்பைக் கையால் நீக்கினார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லாவற்றையும் ஃபார்மேட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விமான நிறுவனத்துக்குக் கிடைத்த அந்தப் பொறுமை கரமனையில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கக் கூடாதா?

என் அக்கா மகள் காரியவட்டத்தில் தமிழ் ஆய்வு மாணவி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாட்டிமார்களின் பேச்சை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்திருந்தாள். மீன் கறி வைக்கும் முறை, கல்யாணச் சடங்கு, எல்லை மாறிய 1956-க்கு முன்பு திருவனந்தபுரத்துக்கு நடந்து வந்த கதை, இப்படி மணிக்கணக்கான ஒலிக்கோப்புகள். அவற்றைக் கேட்டு எழுதிய குறிப்புகளும் அதே கணினியில். ஒரு மழைநாளில் மின்சாரம் போய் வந்த பிறகு கணினி எழவில்லை. ரீசெட் தோற்றது. அதிலும் அவள் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். கடையில் கொடுத்தாள். பெயர் சொல்ல விரும்பாத அந்தக் கடையில் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுநாள் கிடைத்த கணினியில் பார்ட்டிஷன்கள் எல்லாம் அழிக்கப்பட்டு, ஒரே சி டிரைவாகப் புதிய விண்டோஸ் இருந்தது. டி டிரைவில் இருந்த பதிவுகள் எங்கே என்று கேட்டபோது, “அதைத் தனியா சொல்லியிருக்கணும்” என்றார்கள். பதிவு செய்த பாட்டிமார்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர்களிடம் மறுபடி போய்க் கேட்கலாம். அதே பேச்சு வராது.

சொல்லியிருக்க வேண்டியது அவளா, கேட்டிருக்க வேண்டியது கடையா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பார்ட்டிஷன் என்றால் என்னவென்று அறிந்தவர் யாரோ அவர்தான் கேட்க வேண்டும். நோயாளிதான் தனக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று முன்வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் வாதாடுவதில்லை.

“எல்லாம் கேட்டுத்தான் செய்கிறோம், டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் காப்பி எடுத்துத் தருகிறோம்” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான், அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் வாழ்க்கை அந்த இரண்டு ஃபோல்டர்களுக்குள் அடங்கிவிடுவதில்லை. சாலைத் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவரின் டேலி கணக்கு அவர் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருக்காது. டேலி பிரைம் என்றால் வழக்கமாக ‘பப்ளிக்’ ஃபோல்டருக்குள் இருக்கும், பழைய ஈ.ஆர்.பி. 9 என்றால் சி டிரைவில் டேலியின் ஃபோல்டரிலேயே இருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் அவுட்லுக் அஞ்சல்கள் முழுவதும் ஒரே பெரிய கோப்பாக எங்கோ கிடக்கும். வங்கிக் கடவுச்சொற்களைப் பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் முதியவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லத் தெரியாது. நீங்கள்தான் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. இது என் தொழிலோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். யுனிகோட் வருவதற்கு முன்பு, வந்த பிறகும் பல ஆண்டுகள், தமிழை நாம் எத்தனையோ குறிமுறைகளில் தட்டினோம். 1999-இல் டாம், டாப் என்று தமிழ்நாடு தரப்படுத்தியது. 2010-இல்தான் யுனிகோடையும் டேஸ்-16-ஐயும் அரசு ஏற்றது. இதற்கு நடுவே பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டது. மலையாளத்திலும் இதே கதை, ஐ.எஸ்.எம். எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இந்த ஊர் டி.டி.பி. கடைகளில் இன்றும் மலைபோல் கிடக்கின்றன. அந்தக் கோப்புகளை நீங்கள் ஒன்றுவிடாமல் பத்திரமாகக் காப்பி எடுத்துத் தந்தாலும், விண்டோஸுக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரைக் காப்பி எடுக்காவிட்டால், திறந்து பார்க்கிறவருக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான். அவர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தும் விடுகிறார். நெய்யாற்றின்கரையில் ஒரு கோயில் திருவிழாவின் முப்பது வருட நோட்டீஸ்கள் அப்படிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ரீசெட்டில் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்று கொடுத்தாலும் இந்த எழுத்துருக்கள் மிஞ்சாது; அவை விண்டோஸோடு சேர்ந்தவை என்று கணக்கு. ஒரே ஒரு ஃபோல்டர், சில நூறு எம்.பி. அதைத் தனியே எடுத்து வையுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். தமிழ்க் கணினியைத் தொடுகிற எவரும் மறக்கக் கூடாத ஃபோல்டர் அது.

காப்பி எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. இருந்தாலும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவில் கணினியைத் திறந்தால், உள்ளே விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் வட்டு தெரியும், வெளி ஹார்டு டிஸ்குக்குக் காப்பி எடுக்கலாம். வட்டு சத்தம் போட்டாலோ, காப்பி இழுத்துக்கொண்டு நின்றாலோ, அதன்மேல் திரும்பத் திரும்ப செக்டிஸ்க் ஓட்டி மிச்ச உயிரையும் எடுத்துவிடாதீர்கள். டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் முதலில் முழு வட்டையும் இன்னொரு வட்டில் படியெடுத்துவிட்டு, படியின்மேல் வேலை செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கில் தவறி ஃபார்மேட் அடித்தாலும் மீட்பு மென்பொருளால் ஓரளவு தோண்டி எடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மேட்டோடு, இருந்ததைத் துடைக்கச் சொல்லும் டிரிம் கட்டளையும் வட்டுக்குச் சென்றுவிடும், பிறகு பெரும்பாலும் எவராலும் எதையும் எடுக்க முடியாது. அந்த நொடியில் உங்கள் விரல்தான் கடைசி வாய்ப்பு.

விண்டோஸ் நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால் உடனே “எஸ்.எஸ்.டி. போச்சு, புதுசு போடணும்” என்றும் சொல்லிவிடாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமான மடிக்கணினிகள் பலவற்றில், அந்த நிறுவனத்தின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்றினால்தான் வட்டு கண்ணுக்குத் தெரியும். நல்ல வட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதற்குப் பணம் கட்டியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

காப்பி எடுக்க உண்மையிலேயே வழியில்லாமல் போனாலும், நிறுவும்போது பார்ட்டிஷனை ஃபார்மேட் அடிக்காமல் அதன்மேலேயே போட்டால் பழைய விண்டோஸும் யூசர் ஃபோல்டர்களும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் ஒதுங்கி நிற்கும். அதைத் திறந்து காட்டி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். விண்டோஸே சில நாளில் அதைத் துடைத்துவிடக்கூடும் என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்குகிற புதிய கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். வாங்கியவருக்குத் தன் வட்டு பூட்டியிருப்பதே தெரியாது. பென்டிரைவில் திறந்து பார்த்தால் பூட்டு தெரிகிறது. “லாக் ஆயிருக்கு, ஃபார்மேட்தான் வழி” என்று முடித்துவிடுகிறீர்கள். பல நேரம் அந்தச் சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பத்திரமாக இருக்கிறது. கணக்கு தொடங்கியபோது மகனோ மகளோ கொடுத்த மின்னஞ்சல் எதுவென்று கேளுங்கள். அந்த மகன் துபாயில் இருந்தால் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை நீங்கள் தரவில்லையென்றால் அந்த வட்டில் உள்ளது என்றென்றைக்கும் போயிற்று.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு விண்டோஸ் போட்டுத் தருவதற்கு வாங்குவது சில நூறு ரூபாய். 300 ஜி.பி. காப்பி எடுக்க ஒரு மேசை அரைநாள் முடங்கும். வாடகை ஏறுகிறது, வாடிக்கையாளர் வாசலில் நின்று “ஆச்சா, ஆச்சா” என்கிறார், முதலாளி இன்றைக்கு எத்தனை முடித்தாய் என்று கேட்கிறார். எல்லாம் சரி. காப்பி எடுப்பதற்குத் தனியாகக் காசு கேளுங்கள். இதை நான் உங்கள் வாடிக்கையாளராகவே சொல்கிறேன்: நாங்கள் கொடுப்போம். எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னால் இரண்டு நாள் காத்திருக்கவும் செய்வோம். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். அது அவர்களுடைய முடிவு. முடிவெடுக்கிற இடத்தில் எங்களை நிறுத்துங்கள், அவ்வளவுதான். கடை முதலாளிமார்களே, இந்த வரி உங்களுக்கு. மேசையில் இருக்கும் பையன் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறான். அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

சட்டமும் கேட்கச் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினியிலுள்ள தகவலை அழிக்கிறவரை இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் ஆக்குகிறது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. வாயால் வாங்கிய “சரி” உங்களையும் காக்காது என்று சொல்ல வந்தேன். எழுதி வாங்குவது உங்களுக்கும் நல்லது.

இனி, கொஞ்சம் கசப்பான ஒன்று. திரும்பப் போடுகிற விண்டோஸ் எங்கிருந்து வருகிறது? கடையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் யாரோ எப்போதோ செய்து வைத்த ஒரு விண்டோஸ் புரோ, கூடவே ஒரு ஆக்டிவேட்டர். அது ஓடுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். அணைத்து ஓட்டிவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் ஒருவரிடம் கொடுக்கிறோம். இதில் எனக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், இது தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டு மடிக்கணினிகளில் விண்டோஸோடு விற்றவற்றுக்கெல்லாம் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜி.பி. பென்டிரைவில் இறக்கிப் போட்டால், இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அவர் கணினி வாங்கியபோதே உரிமத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் துடைத்துவிட்டுத் திருட்டுப் பொருளை வைத்துக் கொடுப்பது என்ன நியாயம்? திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்குக் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளை ஒன்றுமறியாத ஒருவர் கையில் கொடுத்து அனுப்ப உங்களுக்கு மனசு வரக் கூடாது.

உரிமம் இல்லாத பழைய கணினி என்றாலும் வழி இருக்கிறது, அந்த வழியில் இந்த நகரம் நமக்கெல்லாம் முன்னாலேயே நடந்திருக்கிறது. 2001 ஜூலை 20 அன்று இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி வைத்தது இதே திருவனந்தபுரத்தில். பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம், முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் இருந்த காலத்திலேயே, கேரளப் பள்ளிகளைக் குனு/லினக்ஸுக்கு மாற்றியது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் செய்த இயங்குதளத்தில்தான் இங்கே பிள்ளைகள் கணினி பயில்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் கேரளப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே அந்தப் பாடநூல் கிடைக்கிறது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கூடி, கணினிக்கு இயங்குதளம் நிறுவிக் காட்டுகிறார்கள். கணினியைக் கொண்டுவரும் பொதுமக்களுக்குக் கட்டணமில்லாமல் நிறுவித் தரும் விழாக்களும் இந்த மாநிலத்தில் நடந்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கற்றுக்கொள்ளும் ஒழுங்கை, அதை வைத்தே பிழைக்கிற நாம் கைவிடலாமா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்கு மாற முடியாத கணினிகள் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன. வருகிற மாதங்களில் அவை ஒவ்வொன்றாக உங்கள் மேசைக்கு வரும். தட்டச்சு, அஞ்சல், பிள்ளைகளின் பாடம், யூட்யூப் இவ்வளவுதான் தேவை என்கிறவருக்கு உபுண்டுவோ கைட்டின் இயங்குதளமோ போட்டுக் கொடுத்தால் அந்தக் கணினி இன்னும் சில வருடம் ஓடும். டேலியோ பேஜ்மேக்கரோ வேண்டும் என்கிறவருக்கு அது ஒத்துவராது. அவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எதைப் போட்டாலும் முதலில் பழையதைக் காப்பி எடுப்பது மாறாது. இந்த அலை வரும் நேரத்தில் பழைய பழக்கத்தோடு நீங்கள் இருந்தால், ஒரு நகரத்தின் பதினைந்து வருட நினைவுகள் மேசை மேசையாக அழியும். அதுதான் இப்போதே எழுத வைத்தது.

ஆகவே நான் கேட்பது இது. ஃபார்மேட் அடிக்கும் முன் ஒரு தாள். அதில் உரிமையாளர் தன் கையால் எழுதித் தரட்டும்: உள்ளே என்னென்ன வைத்திருக்கிறார், அவை வேண்டுமா வேண்டாமா, டேலி போன்ற கணக்கு உண்டா, பழைய தமிழ், மலையாள எழுத்துருக்கள் உண்டா, மைக்ரோசாஃப்ட் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது. கீழே நீங்கள் எழுதுங்கள்: வட்டின் நிலை என்ன, எதை எங்கே காப்பி எடுத்தீர்கள், எந்த விண்டோஸ் போட்டீர்கள், யாருடைய உரிமத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டுங்கள். எடுத்த காப்பியை அவர் திறந்து பார்த்து சரி என்று சொல்கிறவரை உங்களிடம் வைத்திருங்கள், பிறகு அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டுப் படங்கள் உங்கள் கடையில் தங்கக் கூடாது. புதிய விண்டோஸ் போட்ட பிறகு, மறுபடி இப்படி நேர்ந்தால் உதவ ஒரு பூட்டபிள் பென்டிரைவையும் செய்து, அதற்கான காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள். கணினிக்கு உள்ளே இருக்கும் மீட்பை மட்டும் நம்பி யாரும் இனி வீட்டுக்குப் போக வேண்டாம்.

அந்தத் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் யுனிகோடில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். கேட்கிற எந்தக் கடைக்கும் தருகிறேன். உங்கள் கடைப் பெயரை மேலே போட்டு அச்சடித்துக்கொள்ளுங்கள். தாள் கையில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது உங்கள் மேசையில் திறந்து கிடக்கிற மடிக்கணினியின் பையில் ஒரு போன் எண் ஒட்டியிருக்கும். அதை அழைத்து, உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
கரமனையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி